முதல் வினா

திருமணத்திற்கு முதல் நாள் மாலை, நம் இல்லத்து விழாக்களில் கதிரவன் மறைவதற்குள் உணவு முடிந்துவிடுகிறது. பந்தி முடிந்து, கை கழுவி வந்து அமரும்போது மணி ஆறரைகூட ஆகியிராது. பிற வீட்டுத் திருமணங்களில் அந்நேரத்தில்தான் வரவேற்பே தொடங்கும். பந்திக்குக் காத்திருப்பதே அங்கு ஒரு வேலையாக இருக்கும். நமக்கோ உண்ணும் வேலை முடிந்துவிட்டது. உறங்கும் நேரம் வரவில்லை. மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தால், இரண்டரை மணி நேரத்திற்குப் பேச்சு ஒன்றே துணை.

அந்த வட்டத்தில் பாதிப்பேர் நமக்குத் தெரிந்தவர்கள். மீதிப்பேர் புதியவர்கள். சம்பந்தி வீட்டார், பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் வந்த பிள்ளைகள், சென்ற ஆண்டு குடும்பத்திற்குள் வந்த மருமகள், யாருக்கு நண்பர் என்று விளங்காத ஓர் இளைஞர் எனப் பலர் இருப்பர். அவர்களிடம் நாம் கேட்கும் முதல் வினாவைப் பற்றியதே இப்பாடம். பள்ளிப் பிள்ளைகளிடமும், பின்னர் ஆசிரியப் பயிற்சி மாணவியரிடமும் வினாக் கேட்டே முப்பத்தாறு ஆண்டுகள் ஊதியம் பெற்றவள் நான். ஆயினும் இதை எழுதத் தூண்டியது அந்த அனுபவம் அன்று. நான் கேட்ட ஒரு தவறான வினாவே. அதை முதலில் கூறிவிடுகிறேன். உரியவளின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

என் தங்கை மகனின் திருமணத்திற்கு, கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தமையால், என்னால் செல்ல இயலவில்லை. மருமகளை நான் முதன்முதலாகக் கண்டது ஒன்றரை ஆண்டு கழித்து, 2013ஆம் ஆண்டு ஆனி மாதம் வந்தவாசியில் நடைபெற்ற வேறொரு திருமணத்தில். அருகில் அழைத்து அமர்த்திக்கொண்டேன். கன்னத்தைத் தொட்டு, "விசேஷம் ஒன்றும் இல்லையா அம்மா?" என்றேன். அவள் சிரித்தாள். "இன்னும் இல்லை பெரியம்மா" என்று கூறி, எனக்குக் குடிநீர் கொண்டு வருவதாக எழுந்து சென்றாள். தண்ணீர் வரவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

அதன்பின் ஆறு ஆண்டுகள் அவள் எந்த உறவினர் விழாவிற்கும் வரவில்லை. கணவன் மட்டும் வந்து மொய் எழுதிவிட்டுச் செல்வான். "நகரத்தில் வளர்ந்த பெண், நம்மோடு கலக்கமாட்டாள்" என்று குடும்பத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. அதற்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. 2019இல் பெங்களூரில் அவர்கள் வீட்டில் மூன்று நாள் தங்க நேர்ந்தபோது, அடுப்படியில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஏன் வருவதில்லை என்று கேட்டேன். நெடுநேரம் கழித்துக் கூறினாள். வந்தவாசித் திருமணத்திற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் மூன்று மாதக் கரு கலைந்திருந்தது. வீட்டில் இருந்தால் மனம் சோரும் என்று கணவன் அழைத்து வந்திருக்கிறான். "அன்று மாலை ஏழு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள் பெரியம்மா. முதலில் கேட்டவர் நீங்கள்."

"நல்ல எண்ணத்தில்தானே கேட்டேன்" என்றேன். இன்று நினைத்தாலும் நாணம் தரும் விடை அது.

"ஏழு பேரும் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்கள்" என்றாள்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அப்படி ஒரு வினாவை நான் கேட்டதே என் நினைவில் இல்லை. அவள் ஆறு ஆண்டுகள் சுமந்ததை நான் ஆறு நிமிடம்கூடச் சுமக்கவில்லை.

நன்னூல் கூறும் ஆறு வினாக்கள்

திரும்பி வரும் இரவில் பேருந்தில் உறக்கம் வரவில்லை. தவறு நேர்ந்தால் பாடநூலைத் திறந்து பார்ப்பது ஆசிரியைகளின் வழக்கம். அன்று என் மனத்தில் திறந்தது நன்னூல். பவணந்தி முனிவர் சமண முனிவர் என்பதும், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளுக்கு இணங்கி இந்நூலை இயற்றினார் என்பதும் நாம் அறிந்தவை. அதன் சொல்லதிகாரத்துப் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் அவர் வகுத்துள்ளார். பள்ளியில் நீங்கள் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மறுநாள் மறந்த பகுதிதான். சற்று நினைவுபடுத்திக்கொள்வோம்.

தான் விடையை அறிந்திருந்தும் பிறர் அறிவாரா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது. தான் அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. மாணவர் ஆசிரியரிடம் கேட்பது. பாம்போ கயிறோ என்று ஐயுற்றுக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் "பருப்பு உள்ளதா?" என்பது, ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பதால் கொளல்வினா. "உனக்கு மாற்றுடை இல்லையா?" என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா. "கடைக்குப் போகிறாயா?" என்று வேலை ஏவுவது ஏவல்வினா. சொல்லமைப்பால் எல்லாம் வினாவாகவே தோன்றும். கேட்பவரின் உள்ளக்கருத்தே வகையைத் தீர்மானிக்கிறது.

இந்த ஆறையும் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்து வட்டத்தில் அமர்ந்து பாருங்கள். "விசேஷம் இல்லையா?" என்பது அறியாவினாவின் உடை அணிந்த ஏவல்வினா. செய்தி அறிவது அங்கு நோக்கமே இல்லை. விரைவில் பிள்ளை பெற வேண்டும் என்ற கட்டளை அதனுள் இருக்கிறது. "இன்னும் வரன் பார்க்கவில்லையா?", "எப்போது வீடு கட்டப்போகிறீர்கள்?" ஆகியவையும் அத்தகையனவே. கேட்பவர் கட்டளையிட்டதை உணர்வதில்லை. கேட்கப்பட்டவரோ கட்டளையை மட்டுமே கேட்கிறார்.

"பன்னிரண்டாம் வகுப்பில் எவ்வளவு மதிப்பெண்?" "எந்த நிறுவனம்? எவ்வளவு தருகிறார்கள்?" இவற்றை நான் அறிவினாவில் சேர்ப்பேன். எண் நமக்குத் தெரியாதே, அறியாவினா அல்லவா என்று இலக்கணம் கற்றோர் மறுக்கலாம். ஆனால் இன்ன எண்ணுக்கு மேல் இருந்தால் தேர்ச்சி, கீழே இருந்தால் தோல்வி என்ற அளவுகோல் கேட்பவர் கையில் முன்பே இருக்கிறது. எதிரில் அமர்ந்த பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். நெசவும் வேளாண்மையும் பார்த்த குடும்பங்களிலிருந்து படித்து முன்னேறியவர்கள் நாம். மதிப்பெண்ணைப் போற்றுவதில் வியப்பில்லை. ஆயினும் விருந்துக்கு வந்த பிள்ளையைத் தேர்வுக்கூடத்தில் அமர்த்துதல் தகாது. பணி ஓய்வுக்குப் பின் பத்தாண்டுகள் நானே இவ்வாறு நடமாடும் தேர்வுக்கூடமாக இருந்திருக்கிறேன். என்னைக் கண்டதும் பிள்ளைகள் கைப்பேசியில் முகம் புதைத்தபோது, கைப்பேசியைத்தான் குறை கூறினேன்.

எந்த ஊர்?

வேறொரு வினாவை நான் குறைசொல்ல மாட்டேன். "நீங்கள் எந்த ஊர்?" என்பது நம் பெரியோர் தொன்றுதொட்டுக் கேட்டு வருவது. பொன்னூர் என்றால் யார் வீடு, கரந்தை என்றால் எந்தத் தெரு என்று தொடங்கி, மூன்றாம் வினாவிற்குள் ஏதேனும் ஓர் உறவு வந்துவிடும். சிறிய சமூகத்தில் இது ஒரு பெரும் வசதி. 1923ஆம் ஆண்டு மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர், மக்கள் பேசும் பேச்சில் ஒரு பகுதி செய்தி தருவதற்காக அன்றி, ஒருவரோடு ஒருவர் பிணைப்பு உண்டாக்குவதற்காகவே பேசப்படுகிறது என்று எழுதினார். "சாப்பிட்டாயிற்றா?" என்று தெருவில் கேட்பவர் நம் வயிற்றைச் சோதிக்கவில்லை. "உன்னைக் கண்டேன்" என்று கூறுகிறார், அவ்வளவே. ஆகவே சிறு பேச்சை இகழ்ந்து, எடுத்த எடுப்பில் வாழ்க்கைத் தத்துவம் பேச வேண்டும் என்று இளையோர் சிலர் எண்ணுவது சரியன்று.

"எந்த ஊர்?" என்பதில் குறை எங்கே தொடங்குகிறது என்றால், உறவு தெரிந்ததும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆளை உரிய பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம். இனி என்ன என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். வட இந்திய நகரங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வினா மேலும் இடர் தருகிறது. தாத்தாவின் ஊரைத் தன் ஊராகச் சொல்லிவிட்டு, அடுத்த வினாவிற்கு விடை தெரியாமல் விழிக்கிறார்கள். வீடூர் என்று ஒருவர் கூறினால், "யார் வீடு?" என்பதோடு நிறுத்தாமல், "இவ்வாண்டு அணை நிரம்பியதா?" என்று கேட்கலாம். ஊரில் நிலம் வைத்திருப்பவரிடம் மல்லாட்டை விளைச்சலைக் கேட்டால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. புனேயில் வளர்ந்த பெண்ணிடம், "அங்கே மழை எந்த மாதத்தில் வரும்? நமக்குப் போல ஐப்பசியிலா?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கே ஆனி ஆடியிலேயே கொட்டிவிடும் என்று அவள் நமக்குக் கற்பிப்பாள். கற்பிக்கும் இடத்தில் அமர்ந்தவுடன் மனிதரின் குரலே மாறிவிடுகிறது. இதை நான் வகுப்பறையில் ஆயிரம் முறை கண்டிருக்கிறேன்.

கொடுத்துத் தொடங்குதல்

புதியவரிடம் பேச்சைத் தொடங்க நன்னூலின் ஆறில் மிகச் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால், கொடைவினா என்பேன். "இந்த மின்விசிறிக்கு நேராக இருக்கிறீர்களே, நாற்காலியை மாற்றிப் போடட்டுமா?" "குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமா?" "நெடுந்தூரம் வந்திருக்கிறீர்கள். காலை நீட்டி அமர உள்ளே பாய் விரித்திருக்கிறது, காட்டட்டுமா?" இவற்றிற்கு விடை கூற எவரும் அஞ்ச வேண்டியதில்லை. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் மதிப்புக் குறையாது. கேட்டவர் ஒன்றைக் கொடுக்க வந்தவர் என்பது மட்டும் மனத்தில் பதியும். வகுப்பறையில் முதல் ஐந்து நிமிடத்தில் நாம் செய்யும் பாட முன்னேற்பாடு போன்றது இது. கடினமான பாடத்தை அங்கு யாரும் முதல் நிமிடத்தில் நடத்துவதில்லை.

ஐயவினாவும் பயன்படும். "இந்தப் புடவை ஆரணியா, காஞ்சிபுரமா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பது நல்ல தொடக்கம். நம் ஐயத்தை அவர் தீர்த்து வைப்பார். (பட்டு உடுத்துவதில்லை என்று நோன்பு பூண்டோரும் நம்மிடையே உளர், அவர்களின் பருத்திப் புடவையைப் பற்றிக் கேட்பதற்கும் வேண்டிய அளவு உண்டு.) ஆனால் அடுத்த மூச்சில் "என்ன விலை?" என்று கேட்டுவிட்டால் எல்லாம் பாழ். ஐயவினா கொளல்வினாவாக மாறி, தேர்வுக்கூடம் மீண்டும் திறந்துவிடும்.

கடினமானது அறியாவினா. அறியாமல் கேட்பதற்கு, நமக்குத் தெரியாது என்று முதலில் நமக்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு இது எளிதன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிச்சயதார்த்தத்தில், புனேயில் கார்த் தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எங்கள் வட்டத்தில் வந்து சிக்கிக்கொண்டார். ஒரு சகோதரி வழக்கப்படி நிறுவனத்தின் பெயர், பதவி, ஊதியம் என மூன்று கணைகள் தொடுத்தார். மூன்றிற்கும் மூன்று சொல்லில் விடை வந்தது. நான் சற்றுப் பொறுத்து, "காலையில் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் தம்பி?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அவர் யோசித்தார். "அடுப்பைப் பார்ப்பேன் அம்மா" என்றார். காருக்கு வண்ணம் பூசியபின் அதை வெயிலில் உலர்த்துவதில்லையாம். நீண்ட அடுப்பு போன்ற அறைக்குள், ஏறத்தாழ 140 பாகை வெப்பத்தில், காரின் உடற்பகுதி மெல்ல நகர்ந்து செல்லுமாம். அரைமணி நேரத்தில் உலர்ந்து வெளிவருமாம். வெப்பம் குறைந்தால் வண்ணம் இறுகாது. மிகுந்தால் நிறம் மாறிவிடும். இதைக் கேட்டதும், அதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டி ஒருவர், "வடாம் போடுவது போலத்தான், வெயில் போதாவிட்டால் பூசணம், மிஞ்சினால் வெடிப்பு" என்றார். அந்த இளைஞர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மூதாட்டியிடம் வடாத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார். தூசி வராமல் எப்படி உலர்த்துவீர்கள் என்று கேட்டார். அவர்கள் தொழிலிலும் அதுவே பெரும் தொல்லையாம். வெள்ளைத் துணி கட்டும் முறையை அம்மூதாட்டி கைகளால் காட்டி விளக்கினார். மற்றவர்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஊதியம் எவ்வளவு என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த வினாவில் என் திறமை எதுவும் இல்லை. "உங்கள் பணி என்ன?" என்றால் விடை ஒரு பெயராக வரும். "அதில் என்ன செய்வீர்கள்? எப்படிச் செய்வீர்கள்?" என்றால் விடை ஒரு நிகழ்ச்சியாக வரும். பெயரைத் தொடர்ந்து பேச முடியாது, நிகழ்ச்சியைத் தொடரலாம். ஆசிரியப் பயிற்சியில் மூடியநிலை வினா, திறந்தநிலை வினா என்று நாங்கள் பிரித்துக் கற்பித்தது இதைத்தான். எனினும் திறந்தநிலை வினாவுக்கும் ஓர் அளவு உண்டு. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறக்கச் சொன்னால் சுவரையே இடித்துவிடுகிறோம்.

மூன்று எண்ணுதல்

பயிற்சி மாணவியரின் வகுப்புகளைப் பின் வரிசையில் அமர்ந்து பார்வையிடும்போது நான் மிகுதியாகச் சிவப்பு மை செலவிட்டது ஒரே குறைக்குத்தான். வினாக் கேட்டு, விடைக்குக் காத்திராமல் தாமே விடை கூறிவிடுவார்கள். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் இதை அளந்தே வெளியிட்டார். ஆசிரியர்கள் வினாக் கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தனர். அதை மூன்று நொடி அளவிற்கு நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. "தெரியாது" என்பது குறைந்தது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர்.

மண்டபத்தில் நாம் அந்த ஒரு நொடிகூடத் தருவதில்லை. "வேலைக்குப் போகிறாயா அம்மா? இல்லையா? சரி சரி, வீட்டைப் பார்க்கவும் ஆள் வேண்டுமே." வினாவும் விடையும் ஆறுதலும் நம்முடையவை. எதிரில் இருப்பவள் தலையை மட்டும் கொண்டுவந்தால் போதும். கேட்டபின் மனத்திற்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தோன்றும். யோசிப்பவருக்கு அது தோன்றுவதில்லை. முதியவர்களிடம் ஐந்து வரை எண்ணலாம். செவி மந்தமானவரிடம், நன்றாகக் கேட்கும் பக்கம் எது என்று அறிந்து அப்பக்கம் அமர்ந்தாலே பாதிப் பேச்சு நடந்த மாதிரிதான்.

இனி விடைக்கு வருவோம். எட்டு விடைகளில் முதல் மூன்றும் நேராக வருபவை. ஏனைய ஐந்தும் குறிப்பாகப் பொருள் தருபவை. "ஆடத் தெரியுமா?" என்றால் "பாடத் தெரியும்" என்பது இனமொழி விடை. "உண்ணவில்லையா?" என்றால் "வயிறு வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல். "நீயே செய்" என்பது ஏவல். "செய்யாமல் இருப்பேனா?" என்பது வினா எதிர் வினாதல். இவ்வைந்தையும் கேட்கும் செவி நமக்கு வேண்டும். நேர்விடை தர விரும்பாதவர் பெரும்பாலும் இனமொழிக்குள் சென்று ஒதுங்குகிறார். "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" "இப்போது அப்பாவோடு ஊரில்தான் இருக்கிறேன்." இந்த விடையில் பணியின் பெயர் இல்லை. அது மறதி அன்று. மரியாதையாகச் சாத்தப்பட்ட கதவு. "அது சரி, வேலை எங்கே?" என்று மீண்டும் தட்டுவது கொடுமை. "ஊரில்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "அப்படியா, ஊரில் இப்போது என்ன பயிர்?" என்று போய்விடலாம். அன்று வந்தவாசியில் என் மருமகள் "இன்னும் இல்லை" என்று நேர்விடைதான் தந்தாள். ஆயினும் தண்ணீர் கொண்டு வருவதாக எழுந்ததே அவளுடைய உண்மை விடை. இலக்கணம் கற்பித்த எனக்கு அது கேட்கவில்லை.

ஒப்புமைக்காக ஒன்று கூற வேண்டும். துயரத்தைப் பற்றி ஒருபோதும் கேட்கக்கூடாது என்று நான் கூறுவதாக எண்ண வேண்டா. நெருங்கியவர் தனித்திருக்கையில் கேட்பதும், ஒன்பது நாற்காலி வட்டத்தில் முதல் சந்திப்பில் கேட்பதும் வெவ்வேறு. அடுப்படியில் கீரை ஆயும்போது நான் கேட்டதற்கு அவள் விடை கூறினாள் அல்லவா? கை வேலையில் இருக்க, கண் கீழே பார்க்க, அருகருகே அமர்ந்திருப்பது அத்தகைய பேச்சுக்கு ஏற்ற நிலை.

பேசத் தயங்குவோர்

எல்லோரும் என்னைப் போல் மிகுதியாகப் பேசுபவர் அல்லர். தானாகச் சென்று பேசினால் எதிரில் இருப்பவர் தொல்லையாகக் கருதுவாரோ என்று ஒதுங்கியிருப்போர் பலர். அவர்களுக்கு இரண்டு செய்திகள். சிகாகோ நகரில் ரயிலிலும் பேருந்திலும் செல்வோரை வைத்து எப்லி, ஷ்ரோடர் ஆகிய இருவர் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அருகிலிருக்கும் அயலாருடன் பேசிக்கொண்டு செல்வது தனியே அமர்ந்திருப்பதைவிடக் கசப்பாக இருக்கும் என்றே மக்கள் எதிர்பார்த்தனர். உண்மையில் பேசிச் சென்றவர்களுக்கே பயணம் இனிதாக இருந்தது. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், முதன்முறை சந்தித்துப் பேசிய இருவரும், தம்மை மற்றவர் விரும்பிய அளவைக் குறைத்தே மதிப்பிட்டது தெரியவந்தது. நாம் உளறிவிட்டோம் என்று நாம் எண்ணி வருந்தும் அதே இரவில், எதிரில் இருந்தவரும் தாம் உளறியதாக எண்ணி வருந்திக்கொண்டிருக்கக்கூடும்.

விழா நடத்துவோர் இவர்களுக்கு உதவலாம். "இவர் வங்கி மேலாளர், இவர் பொறியாளர்" என்று அறிமுகப்படுத்துவதால் இருவரும் கைகூப்பி நின்றுவிடுவர். "இவர் வீட்டு மாடியில் பாகற்கொடி வைத்திருக்கிறார், உங்கள் கொடி காய்க்கவில்லை என்றீர்களே" என்று ஒரு நூலைக் கையில் கொடுத்துவிட்டு நகருங்கள். ஆண்கள் வட்டத்தைப் பற்றி எழுத எனக்கு அனுபவம் இல்லை. தேர்தலும் நிலவிலையும் கேட்ட அளவில், அங்கும் இப்பாடம் தேவைப்படும் என்றே தோன்றுகிறது.

பயிற்சியில்லாப் பாடம் நிலைக்காது என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. அடுத்த விழாவிலிருந்து வீடு திரும்பியதும், நீங்கள் புதியவர்களிடம் கேட்ட வினாக்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் ஆறில் எவ்வகை என்று குறித்துப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளை மதிப்பிடச் சொல்வது இன்னும் நல்லது, இரக்கமில்லாமல் திருத்துவார்கள். என் முதல் தாளில் பதினொரு வினாக்களுக்கு ஏழு அறிவினா. என் பேத்தி அதன் கீழே "மேலும் முயற்சி தேவை" என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.

2023ஆம் ஆண்டு தை மாதம் ஆரணியில் ஒரு திருமணம். முதல் நாள் மாலை உணவு முடிந்து நாற்காலி வட்டம் சேர்ந்தபோது, என் தங்கை மருமகள் தன் கணவனோடு உள்ளே நுழைந்தாள். பத்து ஆண்டுகளுக்குப் பின் ஓர் உறவினர் விழாவில் அவளைக் காண்கிறேன். சிலர் திரும்பிப் பார்த்தனர். என் அருகில் இருந்த நாற்காலியிலிருந்து கைப்பையை எடுத்தேன். அவள் வந்து அமர்ந்தாள். "காற்று மிகுதியாக அடிக்கிறது, இந்தச் சால்வை வேண்டுமா?" என்று கேட்டேன். வாங்கிப் போர்த்திக்கொண்டாள். அதன்பின் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று எண்ணினேன், பத்தும் எண்ணியிருப்பேன்.

"பெரியம்மா, நீங்கள் முதன்முதலாக வகுப்பெடுத்த நாள் நினைவிருக்கிறதா?" என்று அவள் கேட்டாள்.

ஓய்வு பெற்றபின் அவ்வினாவை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வெள்ளியங்கிரியாக வெளுத்த கரும்பலகை, அதில் வழுக்கி வழுக்கி விழுந்த சுண்ணக்கட்டி, ஒன்றாம் வகுப்பில் என்னைப் பார்த்து அழுத பிள்ளை, அதைப் பார்த்து அழுத நான் என்று எல்லாவற்றையும் கூறினேன். அவள் இடையிடையே கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளுக்கு இப்போது குழந்தைகள் உண்டா என்று இதுவரை படித்த சகோதரிகள் சிலருக்கேனும் கேட்கத் தோன்றியிருக்கும். எனக்கு விடை தெரியும், எழுதப்போவதில்லை.